சோதனைக் குழாயில் பரக்கத்

ஊருக்கே பரவசம் வரும் இடத்தில் பூசெல்ஹாமுக்கு மட்டும் கொட்டாவி வரும். அவர் கெட்டவர் என்பதால் அல்ல. ஐந்து வேளையும் தொழுகிறவர். ரமழானில் ஒரு நோன்பைக்கூட விட்டதில்லை. ஃப்ரிட்ஜ் ரிப்பேர்தான் தொழில். கஷ்டப்படுகிற வீடு என்று தெரிந்தால் ஒரு புதினா டீயை மட்டும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். ஆனால் வியாழக்கிழமை, இறைவன் பெயரைச் சொல்லி ஆடும் திக்ரு வட்டத்தில் எல்லாரும் கைகோத்து முன்னும் பின்னும் ஆடி, மேளம் வேகமெடுத்து, ஒவ்வொருவராகக் கண் சொருகும்போது, இவர் மட்டும் மறுநாள் வேலையை யோசித்துக்கொண்டு நிற்பார். இதை அவரே என்னிடம் வெட்கத்தோடு சொல்லியிருக்கிறார்.

வேறு யாராக இருந்தாலும் இது ஒரு விஷயமே இல்லை. பூசெல்ஹாம் சீதி அம்மாரின் வம்சம். மெக்னெஸிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் எங்கள் ஐன் தூத் கிராமத்தின் தர்காவில் அடங்கியிருக்கும் மகான்தான் சீதி அம்மார். அவருடைய பரக்கத், அந்த அருள், ரத்தத்தில் இறங்கி வருகிறது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. தர்காவின் சாவி தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். சாவி வாங்குகிறவர் அடுத்து வரும் வருடாந்திரக் கந்தூரி விழாவில் வட்டத்தின் நடுவில் நின்று, ஊர் பார்க்க ஜத்பாவுக்குள் போக வேண்டும். தன்னை மறந்து உடம்பு தானாக ஆடும் நிலைதான் ஜத்பா. அது வரவில்லை என்றால் பரக்கத் வேறு கிளைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சாவியும் அந்தக் கிளைக்குப் போகும்.

பூசெல்ஹாமின் வாப்பா சீ அல்லால் (பெயருக்கு முன்னால் சீ என்பது எங்கள் பக்கத்து மரியாதை) குளிர்காலத்தில் மௌத்தானார்; சாவி மகன் கைக்கு வந்தது. கந்தூரி ஆகஸ்டில். நடுவில் இருந்த மாதங்களில் பூசெல்ஹாம் பாதியாக இளைத்துப்போனார்.

வேறு கிளை என்பது ஜெல்லூல். சித்தப்பா மகன். பூசெல்ஹாமின் தங்கை புருஷனும் அவர்தான். கோழிக்கடை வைத்திருக்கிறார். ஜெல்லூலுக்கு எதைக் கேட்டாலும் ஜத்பா வந்துவிடும். கல்யாண மேளத்துக்கு வரும். கல் இறக்கும் லாரி சத்தத்துக்கு வரும். ஒருமுறை பூசெல்ஹாம் சரி செய்து கொடுத்த வாஷிங் மெஷின் தாளம் பிசகாமல் சுற்ற ஆரம்பித்ததும், அதன் எதிரே நின்று ஆடத் தொடங்கிவிட்டார். மனைவி வந்து சுவிட்சை அணைத்த பிறகுதான் நின்றார்.

கந்தூரிக்குக் கொஞ்ச நாள் முன்பு தலைநகர் ரபாத்திலிருந்து டாக்டர் ஸினெப் வந்தார். மூளையை ஆராய்கிறவர். பரவசம் சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாக வருகிறதே, அது மரபணுவில் இருக்கிறதா, மூளையில் சுரக்கும் ரசாயனங்களில் இருக்கிறதா, இல்லை பார்த்துப் பழகுவதால் வருகிறதா என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். தர்கா முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். தர்கா கமிட்டியின் தலைவர் ஹாஜ் தைபி தாடியைத் தடவிக்கொண்டு, எங்களுக்கு முந்நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம் ரபாத்துக்கு இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறது, பரவாயில்லை என்றார்.

அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. சீதி அம்மார் வம்சத்தார் ஒவ்வொருவரும் இந்தக் குழாயில் கொஞ்சம் எச்சில் துப்பித் தர வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முற்றத்தில் பேச்சு நின்றுவிட்டது.

அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரியாது. சீதி அம்மார் தன் சீடனின் வாயில் துப்பித்தான் பரக்கத்தைக் கொடுத்தார். இன்றைக்கும் பேச்சு வராத குழந்தைக்கும் வயிற்று வலிக்காரனுக்கும், சாவி வைத்திருப்பவர் ரொட்டியில் லேசாக எச்சில் தொட்டுத்தான் கொடுப்பார். அந்த எச்சிலைப் பெட்டியில் அடைத்துத் தலைநகரத்துக்கு எடுத்துப் போவதா? பின்வரிசையிலிருந்து ஒரு பெண், பரிசோதனை முடிந்து மிச்சம் இருந்தால் தன் மருமகளுக்கு ஒரு குழாய் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜெல்லூல் தர மறுத்தார். பிறகு, பயந்துவிட்டான் என்று யாரோ முணுமுணுத்தது காதில் விழ, எல்லார் முன்னாலும் துப்பக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிக் குழாயை வீட்டுக்கு எடுத்துப் போய், விளிம்பு வரை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

பூசெல்ஹாம் முதல் ஆளாகத் துப்பினார். துப்பிவிட்டு டாக்டரைத் தனியாகப் பிடித்தார்.

"டாக்டரம்மா, எனக்குள்ள அது இருக்கா இல்லையான்னு இதுல தெரிஞ்சிடுமா?"

"தனி ஆளுக்குன்னு சொல்ல முடியாது, சீ பூசெல்ஹாம். நிறைய பேரோடத சேர்த்துப் பார்த்தாத்தான் ஏதோ கொஞ்சம் தெரியும். பரம்பரைக்கு ஒரு பங்கு இருக்கலாம். வளர்ப்புக்கு ஒரு பங்கு, அந்த மேளத்துக்கு ஒரு பங்கு. பக்திக்குன்னு தனியா ஒரு மரபணுவெல்லாம் கிடையாது."

"அந்தக் கொஞ்சம் எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷம் ஆகலாம்."

"கந்தூரி வெள்ளிக்கிழமை," என்றார் பூசெல்ஹாம்.

குழாய்களை வெயிலில் வைக்கக் கூடாது. ஊரிலேயே ஒழுங்காகக் குளிரும் ஃப்ரிட்ஜ் எங்கே இருக்கும்? பூசெல்ஹாமின் கடையில்தான். கந்தூரி முடிந்து வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி டாக்டர் பெட்டியை அங்கே வைத்துவிட்டுப் போனார். இப்படித்தான் ஜெல்லூலின் பரக்கத் பூசெல்ஹாமின் ஃப்ரிட்ஜில், வெண்ணெய்க்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இரண்டு நாள் அவர் அந்த ஃப்ரிட்ஜைத் திறக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கந்தூரிக் கூட்டம் சேர ஆரம்பித்தபோது கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். பிஸ்மி சொன்னார். ஜெல்லூல் பெயர் எழுதிய குழாயைத் திறந்து ஒரே மடக்கில் குடித்தார். எச்சில் கெடாமல் இருக்க டாக்டர் அதில் ஒரு மருந்துத் தண்ணீர் கலந்திருந்தார். சோப்பைக் கரைத்துக் குடித்த மாதிரி இருந்தது என்று பிறகு சொன்னார். பரக்கத் இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்தாராம்.

வட்டம் தொடங்கியது. பூசெல்ஹாம் நடுவில் நின்றார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நெற்றி வியர்த்தது. முகம் வெளுத்தது. மேளம் வேகமெடுத்தபோது வயிற்றுக்குள் ஏதோ புரண்டு, கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். வாயைத் திறக்கவே பயந்து பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். பெண்கள் குலவையிட்டார்கள். மேளக்காரர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கடைசியில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு தர்காவின் பின்பக்கம் ஓடிப்போய், அத்தி மரத்தடியில் குப்புற விழுந்து கிடந்தார்.

இந்த மாதிரி ஜத்பாவை என் ஆயுளில் கண்டதில்லை என்றார் ஹாஜ் தைபி. சாவி பூசெல்ஹாமிடமே நிலைத்தது.

மறுநாளிலிருந்து கடை வாசலில் ஃப்ரிட்ஜைவிட ரொட்டிதான் அதிகம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, கொஞ்சம் எச்சில் தொட்டுக் கொடுங்கள் என்பார்கள். இவர் வாயை இறுக்க மூடிக்கொள்வார். பல்வலி என்பார், தொண்டை சரியில்லை என்பார். அதைக் கேட்டு, எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்று பேசிக்கொண்டே போவார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். ஒரு குழாய் குறைந்தது. ஜெல்லூலுடையது. தொழுகை முடிந்து தர்கா முற்றத்தில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து, தன் பரக்கத்தைத் திருடிவிட்டார்கள் என்று ஜெல்லூல் சத்தம் போட ஆரம்பித்தார். டாக்டரோடு வந்துபோகும் ரபாத் கார் டிரைவர் ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரிப் பார்க்கிறான் என்றார். டிரைவர் பாவம், நெஞ்சில் கை வைத்து சத்தியம் செய்தான். இரண்டு பேர் அவன் சட்டையைப் பிடித்தார்கள்.

"அவனை விடுங்க," என்றார் பூசெல்ஹாம். "நான்தான் குடிச்சேன்."

டாக்டர்தான் முதலில் பேசினார். "குடிச்சீங்களா? அதுல மருந்து கலந்திருந்துச்சே. வயிறு ஒண்ணும் பண்ணலையா?"

"பண்ணுச்சு டாக்டரம்மா. எல்லாரும் பார்த்தாங்களே. அன்னிக்கு ஆடினது நான் இல்ல, என் வயிறு."

ஜெல்லூலின் முகம் மலர்ந்தது. தன் எச்சிலே இவ்வளவு ஆட்டம் காட்டியிருக்கிறது என்றால் தான் எப்பேர்ப்பட்டவன் என்று கேட்டார். கையை நீட்டினார். "சாவியக் குடு மச்சான். ஏதோ ஆசைல பண்ணிட்ட, மன்னிச்சுட்டேன்."

பூசெல்ஹாம் சாவியை எடுத்தார். அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பூசெல்ஹாமின் உம்மா லல்லா தாமு. மகள் வீட்டில், அதாவது ஜெல்லூல் வீட்டில்தான் இருக்கிறார்.

"கைய மடக்கு மருமகனே," என்றார். "அது என் எச்சில்."

ஜெல்லூல் கையை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

"அன்னிக்கு அடுப்படிக்கு ஓடி வந்து, 'மாமி, இதுல கொஞ்சம் துப்புங்க, என்னோடத ரபாத்துக்கு அனுப்பிட்டா எனக்கு என்ன மிஞ்சும்'னு நின்னாரு. நான் காஸாபிளாங்காக்காரி. மீன் மார்க்கெட்ல பொறந்தவ. என் ரத்தத்துல மகானும் இல்ல, ஒண்ணும் இல்ல. போகட்டும்னு துப்பினேன்." மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, பல்லு முளைக்காதப்ப ரொட்டிய மென்னு மென்னு உன் வாயில வெச்சேனே. அப்பல்லாம் வராத ஜத்பா இப்பதான் வந்துச்சாக்கும்?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். சட்டை கசங்கிய டிரைவர்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தான்.

பூசெல்ஹாம் சிரிக்கவில்லை. சாவியை ஹாஜ் தைபியிடம் நீட்டினார். ஹாஜ் தைபி பெருமூச்சு விட்டு, உன் வாப்பா இந்த வட்டத்தில் நின்றால் தூண்கூட ஆடும், அந்த ரத்தத்தில் வந்தவனுக்கு ஒரு துளிகூட இறங்கவில்லையே என்றார். பூசெல்ஹாமின் தலை நெஞ்சு வரை தாழ்ந்துவிட்டது. அவர் இத்தனை மாதமாகப் பயந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

லல்லா தாமு சிரிப்பை நிறுத்தினார்.

"அந்த ரத்தத்துலதான் வந்திருக்கான், ஹாஜ். அல்லாலுக்கும் ஒண்ணும் வராது."

ஹாஜ் தைபி தாடியைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்தார்.

"கந்தூரிக்கு முன்னால அடுப்படிக் கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் பழகுவோம். மாவு பிசையிற தாம்பாளத்துல நான்தான் தாளம் போடுவேன். தோள இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க, கண்ண இன்னும் சொருகுங்கன்னு நான்தான் சொல்லிக் குடுப்பேன். ஊரு எதிர்பார்க்குதே, என்ன செய்வாரு? முடிஞ்சு வீட்டுக்கு வந்து முஸல்லாப் பாய்ல உக்காந்து அழுவாரு. எல்லாருக்கும் குடுத்தியே ரப்பே, எனக்கு மட்டும் ஏன் குடுக்கலன்னு கேப்பாரு." அவர் மகனைப் பார்த்தார். "நீ அவரு மகன்தாண்டா. அச்சு அசலா அவரேதான்."

பூசெல்ஹாம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். அது ஜத்பா இல்லை. தகப்பனைப் பறிகொடுத்தவனின் சாதாரண அழுகை. குளிர்காலத்தில் சாவிக் கவலை அதை அழ விடாமல் அடைத்துவைத்திருந்தது.

அவர் கையிலிருந்த சாவியை யாரும் வாங்கவில்லை. வாங்கினால், சீ அல்லால் எச்சில் தொட்டுக் கொடுத்த ரொட்டியெல்லாம் என்ன ஆவது? ஹாஜ் தைபியின் பேரன் அந்த ரொட்டிக்குப் பிறகுதான் வாயைத் திறந்தான். இன்றுவரை மூடவில்லை. ஹாஜ் தைபி வானத்தைப் பார்த்து, தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்றார். நாங்கள் அப்போதுதான் தொழுதுவிட்டு வந்திருந்தோம். ஆனாலும் எல்லாரும் எழுந்தார்கள்.

டாக்டர் மட்டும் லல்லா தாமுவின் பின்னாலேயே போனார். பரவசம் வராத தன்மையும் தகப்பனிடமிருந்து மகனுக்கு வருமா என்பது மிகவும் முக்கியமான கேள்வி, இதுவரை யாரும் கேட்கவில்லை, ஒப்பிட்டுப் பார்க்க நீங்களும் ஒரு குழாய் தாருங்கள் என்று கெஞ்சினார். "ஏற்கெனவே குடுத்தாச்சே," என்றார் லல்லா தாமு. "என் புள்ளதான் குடிச்சுட்டான்."

இந்த வருஷக் கந்தூரி போன மாதம் நடந்தது. பூசெல்ஹாம் எதையும் குடிக்கவில்லை, அடுப்படியில் பழகவும் இல்லை. எனக்கு ஒன்றும் வராது என்று முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தார். வட்டத்தின் நடுவில் கண்ணைத் திறந்துகொண்டு கம்பம்போல் நின்றார். ஜெல்லூல் அவரைச் சுற்றிச் சுற்றி ஆடினார். மேளக்காரர்கள் மாறி மாறி அடித்துக் களைத்தார்கள். அப்போது ஒரு கணம், பூசெல்ஹாமின் தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கின.

இது ரொம்ப ஆழமாகப் போகிற ஜத்பா, வெளியே தெரியாது என்று ஹாஜ் தைபி பக்கத்திலிருந்தவர்களுக்கு விளக்கினார். பெண்கள் குலவையிட்டார்கள்.

பிறகு நான் அவரிடமே கேட்டேன். தோளை இன்னும் கொஞ்சம் ஆட்டு என்று உம்மா வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்ததாம். சிரிப்பை அடக்கப் பார்த்தாராம், முடியவில்லையாம். அதை ஹாஜ் தைபியிடம் போய்ச் சொல்லவும் செய்தார். பெரியவர்கள் எப்போதும் அப்படித்தான் மறைப்பார்கள் என்றார் ஹாஜ் தைபி.