கண்ணை மூடினால் முட்டை காணோம்

அம்பத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலை செய்கிறேன். மதியம் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பது என் வழக்கம். கண்ணைத் திறந்தால் டப்பாவில் அவித்த முட்டை இருக்காது. "உங்க ஏசு வந்து துன்னுட்டு போய்ட்டாருக்கா" என்பான், கூட வேலை செய்யும் சேகர். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவேன்.

போன வருடம் சர்க்கரை நோய் முற்றி, என் கணவருக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நான் வேலைக்குத் திரும்பிய அன்றும் சேகர் விடவில்லை. "இவ்ளோ ஜெபம் பண்ணியேக்கா, இன்னா ஆச்சு? காலு போச்சே" என்றான். மறுநாளிலிருந்து கை கழுவும் இடத்திலேயே, யாருக்கும் தெரியாமல் ஜெபித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஒருநாள் எரிச்சல் தாங்காமல் கணவரிடம் கொட்டினேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் கேட்டார்: "சாப்பாட்டுக்கு முன்னாடி பண்றது காலு வளர்றதுக்கா? சோறு குடுத்ததுக்கு நன்றிதானே. இன்னிக்கும் சோறு இருந்துச்சுல்ல?"

சேகர் மாறவில்லை. என் ஆத்திரமும் அடங்கவில்லை. ஆனால் இப்போது எல்லோர் நடுவிலும் உட்கார்ந்து வாய்விட்டே ஜெபிக்கிறேன், கண்ணை மூடித்தான். ஒரு கை மட்டும் டப்பா மூடியை அழுத்திப் பிடித்திருக்கும்.