ஃபார்மேட் செய்யலாமா என்று கேட்டது

எங்கள் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். அவளுடைய வீடியோக்கள் எல்லாம் புத்தூரில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. போன வருடம் அதன் ஹார்ட் டிஸ்க் திறக்கவில்லை. ஃபார்மேட் செய்யலாமா என்று திரையில் கேட்டது. ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடித்து வந்த அலுப்பில், சரிசெய்யத்தான் கேட்கிறது என்று நினைத்து 'ஆம்' அழுத்தினேன். டிஸ்க் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. பதற்றத்தில் அதிலேயே ஏதேதோ சாஃப்ட்வேர்களை ஏற்றி இன்னும் கெடுத்தேன்.

மனைவியிடம், "தானா கெட்டுப்போச்சு" என்றேன்.

இருவரும் திருப்பதியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். கடை நடத்தும் பெண் டிஸ்க்கை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் பண்ணீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், "பழைய டிஸ்க்கும்மா. இப்படி ஆவுறதுதான்" என்றார்.

மாலை வரை முயன்று ஒரே ஒரு வீடியோவை மீட்டுக் கொடுத்தார். அதில் பாப்பா என் வாயருகே இட்லியை நீட்டி, "நைனா, துன்னு" என்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி அதையே போனில் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் ஃபார்மேட் பண்ணேன்" என்றேன்.

"தெரியும். அந்தம்மா கேட்டப்பவே தெரிஞ்சிபோச்சு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அவள் திட்டியிருந்தால் ஒருவேளை வந்திருக்கும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை எனக்காகப் பொய் சொல்ல வைத்தேனே என்பது மட்டும் இன்றுவரை மனதில் அப்படியே கிடக்கிறது.