புத்தகத்தில் இல்லாத தாலி

அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்து தப்பான வரி ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் சுத்தம். பாகூர் ஏரித் தண்ணீரை எந்த ஊருக்கு எப்போது திறப்பார்கள், செத்த வீட்டில் எப்போது மறுபடி அடுப்பு மூட்டுவார்கள் என்று எங்களுக்கே சட்டென்று சொல்லத் தெரியாததை எல்லாம் அந்த வெள்ளைக்காரர் விடாமல் எழுதியிருந்தார். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் அந்த ஒரு வரியில் கோட்டை விட்டார். நான் எடுத்துச் சொல்லியும் விட்டார் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அவர் பிரான்சிலிருந்து வந்தவர். உலகத்தில் எந்தெந்த ஜனம் எப்படி வாழ்கிறது என்று புத்தகம் எழுதுவதே அவருக்கு வேலை. எங்களுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் எழுதி முடித்திருந்தார். நான் அப்போது பாகூரை அடுத்த ஒரு ஊரில் பள்ளிக்கூட வாத்தியார். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவன் என்பதால் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷி வேலை என் தலையில் விழுந்தது.

ஏரிக்கரைப் புளியமரத்தடியில், பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே நாற்காலியைக் கொண்டுவந்து அவருக்குப் போட்டோம். எதிரே ஊர் ஆண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பதில் சொல்ல ஊர் நாட்டாமை. நியாயம் பேசுவதில் அவரை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது.

"உங்கள் ஜனத்தில் விதவைகள் மறுபடி கல்யாணம் செய்துகொள்வார்களா?" என்று கேட்டார் வெள்ளைக்காரர். தமிழில் சொன்னேன். நாட்டாமை தோள்துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க ஜனத்துல அந்த வழக்கம் கெடையாதுன்னு சொல்லுங்க வாத்தியாரே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த ஊரில் சிறு வயதில் தாலி அறுத்த பெண்ணை யாரும் மூலையில் உட்கார வைப்பதில்லை. நல்லவனாக ஒருவனைப் பார்த்துக் கட்டிவைப்பார்கள். பந்தல் இல்லை, மேளம் இல்லை. வீட்டுக்குள்ளே ஒரு விளக்கை ஏற்றிவைத்து முடித்துவிடுவார்கள். நடுவீட்டுத் தாலி என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு வீடு அப்படி ஒருத்தி உண்டு. அவ்வளவு ஏன், வெள்ளைக்காரருக்கு மோர் கொண்டுவந்தவளே நாட்டாமையின் கூடப்பிறந்த அக்காள். கழுத்தில் இருந்தது இரண்டாவது தாலி. தம்பி சொன்னது அவள் காதில் விழுந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போனாள்.

வெள்ளைக்காரர் போனதும் நாட்டாமையைப் பிடித்துக்கொண்டேன்.

"பின்ன இன்னா சொல்லச் சொல்றீங்க? அந்த ஆளு ஒலகத்துக்கே எழுதிப் போடுவாரு. நம்ம வூட்டுப் பொம்பளைங்க ரெண்டாந்தாலி கட்டிக்கிறாங்கன்னு பாரீசுல படிக்கணுமா? மேல்சாதி வூட்டுல இல்லாதது நமக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

மறுநாள் வண்டியில் போகும்போது, நாட்டாமை சொன்னது உண்மையில்லை என்று வெள்ளைக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "நீங்கள் வேறு சாதி, டவுனில் படித்தவர். அவர் தன் ஜனத்துக்குத் தலைவர். அவர்களைப் பற்றி அவர் சொல்வதை எழுதட்டுமா, நீங்கள் சொல்வதை எழுதட்டுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

புத்தகம் அச்சாகிப் புதுச்சேரி நூலகத்துக்கு வந்தது. எடுத்துப் படித்தேன். அந்த வரி அப்படியே இருந்தது. யாருக்கு என்ன நஷ்டம் என்று வைத்துவிட்டு வந்தேன்.

சில வருஷம் கழித்து நாட்டாமையின் மகள் இருபது வயது முடிவதற்குள் தாலி அறுத்தாள். நாட்டாமையே மாப்பிள்ளை தேடினார். தன் வீட்டிலேயே விளக்கேற்றி நடுவீட்டுத் தாலி கட்டிவைத்தார். நானும் போய்ச் சாப்பிட்டேன். தங்கமான மனிதன் அவன். ஏரிப் பாசனத்தில் இரண்டு காணி நஞ்சை, இரண்டு பிள்ளைகள் என்று அவள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு ஒரு ஐப்பசியில் காய்ச்சல் வந்து அவனும் போய்ச் சேர்ந்தான்.

கருமாதி முடிந்ததும் அவன் அண்ணன்மார் கோர்ட்டுக்குப் போனார்கள். அவள் பெண்டாட்டியே இல்லை, பிள்ளைகளுக்கு நிலத்தில் பாத்தியதை இல்லை என்று வழக்கு. மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், நடுவீட்டுத் தாலியை யாரும் போய் எழுதிவைப்பதில்லை. கல்யாண விஷயங்களில் அவரவர் சாதி வழக்கப்படி தீர்ப்புச் சொல்வதுதான் அன்றைய பிரெஞ்சுக் கோர்ட்டின் முறை. இந்த ஜனத்தின் வழக்கம் என்ன? அண்ணன்மாரின் வக்கீல் அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

சாட்சி சொல்ல வருகிறோம் என்று ஊரில் பல பேர் சொன்னார்கள். புறப்படும் அன்று ஒருவரும் வண்டி ஏறவில்லை. என் ஆத்தாள் இரண்டு தாலி கட்டியவள் என்று கோர்ட்டில் ஏறிச் சொல்ல யாருக்கு மனசு வரும்? மோர் கொடுத்த அக்காள் இருந்திருந்தால் வந்திருப்பாள். அவள் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். கடைசியில் நாட்டாமை, மகள், அவள் பிள்ளைகள், நான்.

மகளைப் பிள்ளைகளோடு வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நாட்டாமை கூண்டில் ஏறினார். நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டார். இந்த வழக்கம் இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறதே?

"அத நாந்தாங்க சொன்னேன்" என்றார் நாட்டாமை. "அன்னிக்கு மானத்துக்குப் பயந்து பொய் சொல்லிட்டேன். இன்னிக்குச் சொல்றதுதான் நெசம்."

அன்றைக்குச் சொன்னபோது உமக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இன்றைக்கு உம் மகளின் நிலம் இருக்கிறது. எதை நம்பச் சொல்கிறீர் என்று நீதிபதி கேட்டார். நான் எழுந்து நின்றேன். நீரும் இவர்கள் ஜனமா என்றார். இல்லை என்றேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு ஆத்திரம்தான், யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

தீர்ப்பு சொன்ன அன்றும் அவள் வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகளோடு காத்திருந்தாள்.

"இன்னா சொன்னாங்கண்ணா?"

சொன்னேன்.

"ஊரே பாத்துச்சே. நீங்களும் வந்து சோறு சாப்டீங்களே. அந்தப் பொஸ்தகம் எழுதுனவரு நம்ம ஊருக்கே வந்தவராமே. யாரயாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டாரும்மா."

"யார?"

நான் நாட்டாமையைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

"என்னத்தாம்மா கேட்டாரு" என்றார் அவர்.

அவள் அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு சின்னதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள்.

நிலம் அண்ணன்மாருக்குப் போனது. அவள் அப்பா வீட்டில், அப்பாவோடு பேசாமலே இருந்தாள்.

மறு வருஷம் நாட்டாமையின் தம்பி மகள் தாலி அறுத்தாள். பதினெட்டு வயது. கொஞ்ச நாளில் கரையாம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் மகனுக்கு அவளைக் கேட்டு வந்தார். ஏதோ வேலையாகப் போன நானும் அங்கே இருந்தேன். பையன் நல்லவன், பெண்ணுக்கும் சம்மதம் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். வளையல் இல்லாத கை மட்டும் தெரிந்தது.

"மன்னிச்சிக்குங்க" என்றார் நாட்டாமை. "எங்க ஜனத்துல அந்த வழக்கம் கெடையாது."

கை உள்ளே போய்விட்டது. இந்தத் தடவை அவர் சொன்னது பொய் என்று சொல்ல என்னால் முடியவில்லை.