கண்ணாடிக்கடைக்காரி படித்த புத்தகங்கள்

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் மூக்கில் சட்டத்தை வைத்துப் பார்த்து, காதோரம் அழுத்தினால் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. கணவன் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களிடம் வெளியில் நின்று பேச்சுக் கொடுத்தே பயத்தைத் தெளியவைத்துவிடுவான். சபையில் பார்த்துப் பேசி முடித்த கல்யாணம். கண் படும்படியான ஜோடி.

கல்யாணத்துக்குப் பாஸ்டரம்மா ஒரு புத்தகம் பரிசளித்தார். கிறிஸ்தவத் தம்பதிகளின் அந்தரங்கம் பற்றியது. தாம்பத்தியம் ஆண்டவர் தந்த சந்தோஷம் என்று பக்கத்துக்குப் பக்கம் சொன்னது. வலியைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களுக்கோ அதுதான் இருந்தது. அவன் நெருங்கினால் அவள் உடம்பு அவளைக் கேட்காமலேயே இறுகிக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றாலும் கடைசியில் கத்திவிடுவாள். அவன் பதறி விலகி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவான்.

பிறகு, சபையின் புத்தக மேசைக்கு வந்ததையெல்லாம் வாங்கினாள். செய்தித்தாள் அட்டை போட்டு, கடையில் சாப்பாட்டு வேளையில் படித்தாள். ஒன்று அடங்கிப் போகச் சொன்னது. இன்னொன்று, மறைத்த பாவம் இருந்தால் படுக்கையில் சமாதானம் இருக்காது என்றது. உட்கார்ந்து பாவம் தேடினாள். சின்ன வயதில் அத்தை வீட்டில் எடுத்த பாசிமணி வரை ஞாபகம் வந்தது; அதற்கும் மன்னிப்புக் கேட்டாள்.

ஒருநாள் பாஸ்டரம்மாவிடமே போனாள்.

"நான் குடுத்த புத்தகத்துல சொன்ன மாதிரி செஞ்சு பாத்தியாம்மா?"

"பாத்தேன்க்கா. வலிக்குது."

பாஸ்டரம்மா கதவைப் பார்த்தார். குரல் தணிந்தது. "எனக்கும் இதெல்லாம் யாரும் சொல்லித் தரலம்மா. ஜெபம் பண்ணலாம், வா."

மாமியார் பேரப்பிள்ளைக்கென்று கம்பளிச்சட்டை பின்ன ஆரம்பித்திருந்தார். "பின்னிப் பின்னி இப்ப உன் புருஷனுக்கே பத்தும் போலிருக்கு" என்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

வருஷங்கள் போயின. கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பெண் டாக்டர், தன் கண்ணாடி சரியாவதற்குக் காத்திருந்தபோது, மேசையில் அட்டை கிழிந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"நல்ல புத்தகமா?"

"நல்லதுதான் டாக்டர். எனக்குத்தான் உதவல." சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரமே டாக்டர் அவளைக் கிளினிக்குக்கு வரச்சொல்லிப் பரிசோதித்தார். "இது பாவமும் இல்ல, உன் தப்பும் இல்ல. பயத்துல தசை தானா இறுகிக்குது. நிறைய பேருக்கு இருக்கு. பயிற்சி இருக்கு, சரியாகும்." வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதாள். சந்தோஷமா ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கணவனிடம் சொல்லாமல் மாதக்கணக்கில் பயிற்சி செய்தாள். நிச்சயமாகத் தெரிந்தபின் சொல்லலாம் என்றிருந்தாள். டாக்டர் நம்பிக்கை கொடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சொன்னாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கேக்குறீங்களா? டாக்டர்கிட்ட காட்டினேன். அந்த வலி சரியாயிடுச்சு."

கத்தி நின்றது. அவன் நிமிரவில்லை.

"நானும் ஒரு புத்தகம் படிச்சேன். புருஷனுக்கு எழுதினது. அடக்கிக்கிட்டா அதுதான் அன்புன்னு போட்டிருந்துச்சு. உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு, இந்த ஆசைய எங்கிட்டேருந்து எடுத்துருங்க ஆண்டவரேன்னு தினம் கேட்டேன்." முழங்கையால் முகத்தைத் துடைத்தான். "எடுத்துட்டாரும்மா. கிட்ட வந்தாலே நீ கத்தினதுதான் காதுல கேக்குது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"நீயும் சொல்லலையே."

கூப்பிட்டதும் டாக்டரிடம் வந்தான். அவர் என்ன கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்றான். அடுத்த முறைக்குக் கிளம்பும்போது எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதாக அழைப்பு வந்தது. போய்விட்டான். அதற்கப்புறம் அவளும் வற்புறுத்தவில்லை. அவள் கத்தியதைப் பொறுத்தவனிடம் இப்போது எப்படிச் சத்தம் போடுவது?

இன்றும் ஒரே கட்டில்தான். விடுமுறைகளில் அவள் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். கைபேசியில் ஏதாவது வேடிக்கை வந்தால் காட்டுகிறான். சாயங்காலம் இருவரும் சேர்ந்து ஜெபிக்கிறார்கள். அவன் அம்மாவின் முழங்கால் வலிக்காக, சபையில் சுகமில்லாதவர்களுக்காக, கடை முதலாளிக்காக. தங்கள் இருவருக்காக என்று வரும் இடத்தில் யார் ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரிவதில்லை. பிறகு அவன் "ஆமென்" என்கிறான்.