உப்பு என்று சொன்ன ஒரு சொல்லும் எங்கள் அக்காவும்

எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் அக்காவைப் பற்றிச் சில வரிகள் எழுத முனைகிறேன்.

அக்கா பிறந்தது குலசேகரம் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே. அப்பா காலமானபின் எங்கள் இருவரையும் ஆளாக்கியவர் சித்தப்பா. வேதியியல் படித்த அக்கா, கிண்டி தொழிற்பேட்டையில் உரம் கலக்கும் நிறுவனம் ஒன்றின் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மயிலாப்பூரில் ஒரு சிறு வீட்டில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். நினைவு மலர் என்றால் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது வழக்கம். எங்கள் அக்காவுக்கு அது பொருந்தாது. சோறு குழைந்தால் வீடு இரண்டுபடும்.

சித்தப்பா தம் நிலம் முழுவதும் ரப்பர் கன்று நட்டிருந்தார். அதைவிட்டால் அவருக்கு வேறு பிழைப்பில்லை. கன்றுகளின் இலை மஞ்சளிக்கிறது என்று ஊர்க்காரர் ஒருவரிடம் இலையும் மண்ணும் கொடுத்தனுப்பினார். நரம்பு மட்டும் பச்சையாக மீன்முள்போல் தெரிந்தது. அக்கா சோதித்தார். மண்ணில் பொட்டாஷ் மிதமிஞ்சிக் கிடந்தது. அது மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்காது. மக்னீசியம் சல்பேட் வைத்தால் கன்று பிழைக்கும். மருந்துக்கடையில் அதற்குப் பேதி உப்பு என்று பெயர்.

மறுநாள் காலை தபால் நிலையத்திலிருந்து டிரங்க் கால் போட்டோம். ஊரில் ரப்பர் ஷீட் வியாபாரியின் கடைக்குச் சித்தப்பாவை வரவழைத்திருந்தார்கள். லைனில் ஒரே இரைச்சல். "பேதி உப்பு, சித்தப்பா! பேதி உப்பு!" என்று அக்கா கத்தினார்.

வரிசையில் நின்ற ஒருவர், "இன்னாமா, யாருக்கு வவுறு கட்டிக்கினு கீது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. குரலைத் தாழ்த்தி, "உப்பு வைங்க சித்தப்பா, உடனே வைங்க" என்றார்.

"சரி மக்ளே, வச்சிருவோம்."

லஸ் முனை வரை வந்திருப்போம். அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"அடியே, ஊர்ல உப்புன்னா என்னடி?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எங்கள் ஊரில் உப்பு என்றால் உர மூட்டை. சித்தப்பாவின் கொட்டகையில் இருந்ததோ முழுக்கப் பொட்டாஷ். எது விஷமோ அதையே வைக்கச் சொல்லியாகிவிட்டது.

திரும்பி ஓடினோம். மறுபடி கால் பதிவு செய்து அங்கேயே காத்திருந்தோம். லைன் கிடைக்கவில்லை. தந்தி கொடுத்தோம், அது தோட்டத்துக்குப் போய்ச் சேருமென்று யார் கண்டது? மதியமானது. அக்கா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சோறு போட்ட கையிலயே மண்ணள்ளிப் போட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆறுதல் சொல்ல வாயெடுத்த என்னை முறைத்தார்.

பொழுது சாயும் வேளையில் லைன் கிடைத்து மணி அடித்தது. வியாபாரி ஆளனுப்பிச் சித்தப்பாவைக் கடைக்குக் கூட்டிவந்திருந்தார்.

"மூட்டையத் தொடாதீங்க சித்தப்பா! பேதி உப்பு! வவுத்துக்குக் குடிப்பாங்களே, அந்தப் பேதி உப்பு!" தபால் நிலையமே அதிர்ந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"மழை வாறதுக்கு முன்ன வச்சிரலாம்னு ரெண்டு வரிசை வச்சாச்சே மக்ளே. மிச்சத்த நிப்பாட்டிருதேன்."

மற்ற வரிசைகள் பேதி உப்பு வைத்ததும் தேறின. அந்த இரண்டு வரிசையைப் பற்றிச் சித்தப்பா வாய் திறக்கவில்லை. அதன்பின் உரம் கேட்டு வந்த எவரையும், சொன்னதைத் திருப்பிச் சொல்ல வைக்காமல் அக்கா அனுப்பியதில்லை. சிடுமூஞ்சி என்று பெயர் வாங்கினார். அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

போன ஆண்டு நோய் முற்றி அடையாறு மருத்துவமனையில் கிடந்தபோது சித்தப்பா வந்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"அந்த ரெண்டு வரிசை?"

"பச்சப்பசேல்னு நிக்கி மக்ளே."

அன்று பிற்பகல் அக்கா நிம்மதியாகத் தூங்கினார். அப்படி அவர் தூங்கி நாங்கள் பார்த்துப் பல நாளாகியிருந்தது.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர், செவிலியர், முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்த அலுவலகத் தோழியர், தோள் கொடுத்த அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. எல்லாரையும்விடச் சித்தப்பாவுக்கு. காரியம் முடிந்து ஊருக்குப் போனபோது பார்த்தேன். குன்றிப்போன அந்த இரண்டு வரிசைக் கன்றுகளை அவர் எப்போதோ பிடுங்கிவிட்டார். அங்கே பச்சைப்பசேலென்று நின்றது மரவள்ளி, எங்கள் ஊர் மரச்சீனி.