அவர் அசையவில்லை

இறந்துபோன ஒருவர் மீது நான் பொய்ப்பழி போட்டேன்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். புகைப்படம் எடுப்பது பொழுதுபோக்கு. விலை குறைவென்று என் கேமராவுக்கு வேறு கம்பெனி லென்ஸ் வாங்கியிருந்தேன். அதன் ஆட்டோஃபோகஸ் சில சமயம் முகத்தை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பதைப் பிடிக்கும். தெரிந்தும், ஜவ்வாது மலையில் சாமை விவசாயி ஒருவரைப் புளியமரத்தடியில் நிறுத்தி ஒரே ஒரு படம் எடுத்தேன். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றார். நான் சரிபார்க்கவில்லை.

அடுத்த மாதம் அவர் இறந்துவிட்டார். வேறு படமே இல்லையென்று அவர் மனைவி அதைக் கேட்டனுப்பினார். பிரிண்டில் புளியங்காய்கள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தன. முகம் மட்டும் கலங்கிக் கிடந்தது.

அதை அவர் மனைவியிடம் கொடுத்து, "அவர் அசைஞ்சிட்டாரும்மா" என்றேன்.

அந்த அம்மா படத்திலிருந்தவரைப் பார்த்துத் திட்டினார்: "ஒரு நிமிசம் ஆடாம நிக்க முடியலியாய்யா உன்னால? சாமக் கொல்லை எங்கயாச்சும் ஓடிப்பூடுமா?"

அந்தக் குரல் என்னை விடவில்லை. ஆறு மாதம் கழித்து மறுபடி மலையேறிப் போய், தவறு என் லென்ஸுடையது என்று ஒப்புக்கொண்டேன்.

"இன்னா சார், தெனமும் அவரத் திட்டிக்கினு இருந்தனே" என்றவர், சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது கையாலேயே ஃபோகஸ் செய்கிறேன். படத்தைப் பெரிதாக்கிக் கண்களைப் பார்த்த பிறகே ஆளை அனுப்புகிறேன். "அசையாதீங்க" என்று மட்டும் யாரிடமும் சொல்ல வாய் வருவதில்லை.