சாக்கில் வந்த பூனை

அக்காவின் பூனையை நான் சாக்கில் போட்டுத்தான் கொண்டு வந்தேன். வீடு மாறும் பூனைக்கு வழி தெரியக் கூடாது, தெரிந்தால் திரும்பி ஓடிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சிங்கவரத்திலிருந்து செஞ்சிக்கு நேராக வந்தால் ஸ்கூட்டியில் கால் மணிகூட ஆகாது. நானோ மேலச்சேரி பக்கம் போய், கோட்டையைச் சுற்றி, வெயிலில் மண்டை காய வந்து சேர்ந்தேன். சாக்குக்குள் அது போட்ட கூச்சலில் பெட்ரோல் பங்கில் நின்றவர்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவளைப் போலப் பார்த்தார்கள்.

அக்காவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனதும் மகன் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டான். பேரனுக்கு வீசிங் என்பதால் பூனை அங்கே போக முடியாது. கிளம்பும்போது அக்கா தன் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூனை உன்னிடம் ஒட்டிக்கொண்டால் எனக்கு நிம்மதி என்று மட்டும் சொன்னாள்.

புதிதாக வந்த பூனை வீட்டோடு தங்க, அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்ற வேண்டும் என்பார்கள். சுவரோரம் மேடைமேல் இருக்கிற கேஸ் அடுப்பை எங்கே சுற்றுவது? சிலிண்டரைக் கழற்றி நடுவீட்டுக்கு உருட்டி வந்து அதைச் சுற்றினேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். நெத்திலிக் கருவாடு வறுத்து வைத்தேன். அக்காவின் பழைய நைட்டியை மடித்துப் படுக்கை போட்டேன். மகாராணி எதையும் சட்டை செய்யவில்லை. கதவைப் பார்த்தே உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்தது கோபமா அழுகையா தெரியவில்லை. அக்கா இல்லாமல் போக்கிடம் இல்லாதவள் நானும்தானே.

ஒருநாள் காலை, பால்காரருக்குக் கதவைத் திறந்த சந்தில் ஓடிவிட்டது. தெருவெல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் சிங்கவரத்துக்குப் போனேன். பூட்டிய வீட்டு வாசற்படியில், அக்கா செருப்பு விடும் இடத்தில் படுத்திருந்தது. அங்கேயே நின்று அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இந்த வாட்டி சாக்குல போடாத," என்றாள். "நேர் ரோட்டுலயே கூட்டிக்கினு போ. வழியப் பாத்துக்கினே வரட்டும். என்னக் கூட்டிக்கினு வந்தப்போ நான் கார்லயே தூங்கிட்டேன்டி. இப்ப தனியா வரணும்னா எங்க போயி எந்த பஸ் ஏறணும்னே தெரியாது."

ஒயர் கூடையில் உட்காரவைத்து, தலை மட்டும் வெளியே தெரிகிற மாதிரி துண்டைக் கட்டி, மெதுவாக ஓட்டி வந்தேன். மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்குகிறவர்களையும் எதிரே வந்த பஸ்ஸையும் பார்த்துக்கொண்டு, அது சத்தமே போடாமல் வந்தது.

அப்புறம் ஒட்டிக்கொண்டது. சில நாள் காலையில் கிளம்பிப் போய்விடுகிறது. பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து அந்த நைட்டிமேல் சுருண்டுகொள்கிறது. தினமும் அக்கா போன் செய்கிறாள். சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பதற்கு முன்பே, "இன்னிக்கு நம்ம வூட்டுக்குப் போச்சா?" என்று கேட்கிறாள்.

போகாத நாளிலும், போச்சுக்கா என்கிறேன்.